புடாபெஸ்ட்டுக்குப் போன மாணிக்கவாசகர்!

சர்ச்சுக்குப் போற உங்க ஃப்ரெண்ட் யாரையாவது பிடிச்சு, "உனக்கு சங்கீதம் தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஓ... இருபத்திமூணு மனப்பாடமா தெரியும்"னு பதில் வரும். முழிக்காதீங்க. அவர் சொல்றது ராகமும் இல்ல, தாளமும் இல்ல. பைபிள்ல 150 பாட்டுகள் கொண்ட ஒரு புத்தகம் இருக்கு. அதுக்குத் தமிழ்ல 'சங்கீதம்'னு பேர் வெச்சிருக்காங்க. கத்தோலிக்க சர்ச்சுல அதையே 'திருப்பாடல்கள்'னு சொல்றாங்க. பெரும்பாலும் தாவீது ராஜா பேர்ல வழங்கி வர்ற பாட்டுகள்.

பக்திப் பாட்டுதானே, நமக்கென்னன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க அப்பா காலேஜ் படிச்ச காலத்துல டேப்ரெக்கார்டர் தேயத் தேயக் கேட்ட 'போனி எம்' ஞாபகம் இருக்கா? 1978ல் உலகத்தையே ஆட வெச்ச அந்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டு எங்கேயிருந்து வந்ததுங்கறீங்க? சாட்சாத் 137ம் சங்கீதம்தான்! ஊரை விட்டுப் பிடிச்சுட்டுப் போன ஜனங்க ஆத்தங்கரையில உக்காந்து அழுத கதை. அதுக்கு டிஸ்கோ ஆடினோம். நம்ம ஆளுங்களுக்கு அர்த்தம் முக்கியமா, பீட்டு முக்கியமா!

விஷயம் என்னன்னா, மேற்கத்திய இசையமைப்பாளர்கள் பல பேருக்கு இந்த 150 பாட்டுகள்தான் அட்சய பாத்திரம். நூறு வாத்தியம், நூறு குரல்னு கூட்டி வெச்சு இதுக்கு மெட்டுப் போடறதை ஒரு சவாலாவே நினைக்கிறாங்க. ரஷ்யாவில் பிறந்த ஸ்ட்ராவின்ஸ்கி 1930ல் 'சங்கீதங்களின் சிம்பொனி'ன்னு ஒண்ணு எழுதினார். அதுல என்ன குசும்புன்னா, ஆர்க்கெஸ்ட்ரான்னா முதல்ல நினைவுக்கு வர்ற வயலினே கிடையாது. வயோலாவும் கிடையாது. பதிலா ரெண்டு பியானோ! குழைவும் கொஞ்சலும் வேண்டாம், வார்த்தை கல்வெட்டு மாதிரி நிக்கணும்னு ஒரு பிடிவாதம்.

1965ல் அமெரிக்காவின் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன், இங்கிலாந்தில் இருக்கிற சிசெஸ்டர் தேவாலயத்துக்காக 'சிசெஸ்டர் சாம்ஸ்' எழுதினார். மொத்தமும் எபிரேய மொழியில. அதுல ஒரு இடம் இருக்கு பாருங்க... ஒரு சின்னப் பையன் தனியா, தேன் மாதிரி 23ம் சங்கீதம் பாடிட்டே இருப்பான். ஆடு மேய்ப்பன், பச்சைப் புல்வெளி, அமைதியான தண்ணின்னு போற பாட்டு. திடீர்னு ஆம்பளைக் குரல்கள் தடதடன்னு புகுந்து, ஜாதிகள் எதுக்குக் கொந்தளிக்குதுன்னு கேக்குற 2ம் சங்கீதத்தை எடுத்து விடும். சமாதானத்துக்கு நடுவுல சண்டை. அந்தச் சத்தத்துக்கு மேலேயே 23ம் சங்கீதம் மறுபடி மிதந்து வரும். முதல் தடவை கேக்குறப்ப முதுகுத் தண்டுல சில்லுன்னு ஒண்ணு ஓடும்.

"அதெல்லாம் அவங்க ஊர்ல. நம்மகிட்ட என்ன இருக்கு?"ன்னுதானே கேக்கறீங்க? இருக்கு. வாங்க.

சாமியார் எடுத்த சைவப் பாட்டு!

2005. சென்னையில ஒரு ஆடியோ வெளியாகுது. பேரு 'திருவாசகம் இன் சிம்பொனி'. இசை, இளையராஜா. எழுதினவர், கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த மாணிக்கவாசகர். வாசிச்சது, ஹங்கேரி நாட்டுத் தலைநகரத்துல இருக்கிற புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. கையசைச்சு நடத்தினவர் லாஸ்லோ கோவாச். நடுநடுவே வர்ற ஆங்கில வரிகளை எழுதினவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 1998ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்துப் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். பதிவான எல்லாத்தையும் சேர்த்துப் பதமா கலக்கின இறுதி வேலை நடந்தது நியூயார்க்குல.

இதையெல்லாம் விட ஆச்சரியம், இந்தக் காரியத்தைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டவர் யாருங்கறதுதான். ஜெகத் கஸ்பர் ராஜ்ங்கிற கத்தோலிக்கப் பாதிரியார்! மணிலாவில் இருக்கிற வெரித்தாஸ் வானொலியில தமிழ் ஒலிபரப்பைக் கவனிச்சுட்டு இருந்தவர். அவரோட 'தமிழ் மையம்' அமைப்புதான் இதைத் தயாரிச்சது. சிவனைப் பாடின பாட்டை ஒரு சாமியார்... அதாவது சர்ச் சாமியார் முன்ன நின்னு எடுத்தார்.

இதுக்கு முன்னாடியும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இந்த வேலையைச் செஞ்சிருக்கார். ஜி.யு.போப். 1839ல் தமிழ்நாட்டுக்கு மதப் பிரசாரம் பண்ண வந்தவர். வந்த இடத்துல தமிழ் அவரைப் பிடிச்சுக்கிச்சு. 1886ல் திருக்குறளை ஆங்கிலத்துல கொண்டு போனார். 1900ல், தன்னோட எண்பதாவது வயசுல, திருவாசகம் முழுசையும் ஆங்கிலத்துல பெயர்த்து ஆக்ஸ்போர்டுல வெளியிட்டார். எண்பது வயசுல நம்மாளு பென்ஷன் ஆபீஸுக்குப் போறதுக்கே ஆட்டோ தேடுவார்!

ஏன் பாதிரியார்களுக்கு இந்தப் புத்தகத்து மேல அப்படி ஒரு ஈர்ப்பு? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா புரியும். சங்கீதத்துல பாடறவன் தன்னைப் புழுன்னு சொல்லிக்கிறான் (22ம் சங்கீதம்). மாணிக்கவாசகர் தன்னை நாயை விடக் கீழா வெச்சுப் பேசறார். அங்கேயும் கடவுள்கிட்ட சண்டை, இங்கேயும் சண்டை. 'எங்கே போயிட்டே, ஏன் என்னை விட்டுட்டே?'ங்கிற புலம்பல் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். 136ம் சங்கீதத்துல 26 வசனத்துக்கும் கடைசில ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். திருவாசகத்துல பத்துப் பாட்டுக் கொத்துகளை எடுத்தீங்கன்னா, பாட்டுக்குப் பாட்டு முடிவுல ஒரே மாதிரி முடியும். ஒருத்தர் சொல்ல ஊரே திருப்பிச் சொல்றதுக்கு வசதியா கட்டின பாட்டுகள். கூட்டமா பாடறதுக்குன்னே பொறந்தவை.

வேஷம் கட்டாத கூத்து!

இப்ப ஒரு சின்ன பஞ்சாயத்து. அட்டையில 'சிம்பொனி'ன்னு போட்டிருந்தாலும், கறாராப் பார்த்தா இது சிம்பொனி இல்லீங்க. சிம்பொனின்னா பெரும்பாலும் வாத்தியம் மட்டும் பேசும். இது 'ஆரட்டோரியோ'ங்கிற வகை. சாமி சம்பந்தமான ஒரு பாட்டை எடுத்து, தனிக்குரல், கூட்டுக்குரல், ஆர்க்கெஸ்ட்ரா மூணையும் சேர்த்துப் பாடறது. நாடகம் மாதிரி உணர்ச்சி இருக்கும். ஆனா மேக்கப் கிடையாது, நடிப்பு கிடையாது, செட்டிங்ஸ் கிடையாது. எல்லாரும் நின்ன இடத்துல நின்னு பாடுவாங்க. 1742ல் டப்ளின் நகரத்துல முதல் முதலா அரங்கேறின ஹாண்டலோட 'மெசையா'தான் இதுல உலக ஃபேமஸ்.

தர்மபுரிக்காரங்களுக்கு இதை ஒரே வரியில சொல்லிடலாம். வேஷம் கட்டாத கூத்து!

பென்னாகரம் பக்கமோ பாலக்கோடு பக்கமோ திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து விடிய விடியப் பார்த்திருக்கீங்களா? கட்டியக்காரன், துரியோதனன், திரௌபதி எல்லாரும் முன்னாடி ஆடுவாங்க. பின்னாடி பெஞ்சுல ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளத்தோட ஒரு கூட்டம் உக்காந்திருக்கும். ராஜா வேஷக்காரர் ஒரு அடி பாடினா, அதைப் பிடிச்சுத் திருப்பிப் பாடும். அவர் மூச்சு வாங்கறப்ப இவங்க தாங்கிப் பிடிப்பாங்க. அதுதான் பின்பாட்டு. முன்னாடி ஆடறவங்களை அனுப்பிட்டு, பின்பாட்டுக்காரங்களை நூறு பேரா ஆக்கி, வாத்தியத்தை எண்பது ஆக்கிப் பாருங்க. ஆரட்டோரியோ ரெடி.

ஒரே ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம பின்பாட்டுல எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவாங்க. மேற்கத்தியக் கூட்டுக்குரல்ல அப்படி இல்ல. பொம்பளைக் குரல்ல மேல் குரலுக்கு ஒரு மெட்டு, கீழ்க் குரலுக்கு ஒரு மெட்டு. ஆம்பளைக் குரல்லயும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நாலு மெட்டும் ஒரே நேரத்துல ஓடும். தனித்தனியாக் கேட்டா நாலும் தனிப் பாட்டு. சேர்த்துக் கேட்டா ஒரே பாட்டு. ஜங்ஷன்ல நாலு பக்கமும் ஒரே நேரத்துல பஸ் வந்தும் இடிக்காம போற மாதிரி. நம்ம ஊர்ல அது நடக்காது, கற்பனைதான் பண்ணிக்கணும்!

இங்கதான் சிக்கலே. நம்ம இசையில சுரம் சும்மா நிக்காது. அசைஞ்சு, வளைஞ்சு, பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துட்டுத்தான் வரும். அதுக்குப் பேர் கமகம். நாலு குரலும் ஒண்ணு சேரணும்னா ஒவ்வொரு சுரமும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும். நின்னா நம்ம ராகத்தோட உயிர் போயிடும். அசைஞ்சா அவங்க ஒத்திசைவு குலைஞ்சிடும். ரெண்டு பேரையும் ஒரே வீட்ல குடி வெக்கிறது மாமியார் மருமகள் கேஸ் மாதிரி. இதனாலதான் இந்த மாதிரி முயற்சிகள் பல நேரம் 'மேல கொஞ்சம் வயலின் தூவின கர்நாடக சங்கீதம்' அளவுலயே நின்னு போயிடும்.

கோவில்ல ஓதுவார்கள் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகன ராகத்துல பாடுவாங்க. மார்கழி மாசம் விடிகாலை, போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கிறப்ப ஸ்பீக்கர்ல திருவெம்பாவை வருமே, அதுவும் மாணிக்கவாசகர்தான். மோகனத்துல ஒரு வசதி உண்டு. அதோட ச, க, ப மூணையும் ஒண்ணா அழுத்தினா, கிடார் கத்துக்கிறவங்க முதல் வாரம் பிடிக்கிற மேஜர் கார்டு! ஆனா இளையராஜா சுலபமான வழியில போகல. ஓதுவார் மெட்டை எடுத்து அதுக்கு வாத்தியம் ஒட்டவும் இல்ல. மொத்தமும் புதுசா யோசிச்சு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா நோட்ஸ் எழுதினார்.

அந்த நோட்ஸ்தான் முக்கியம். புடாபெஸ்ட்ல வயலின் வாசிக்கிற ஒருத்தருக்கு 'நமச்சிவாய'ன்னா என்னன்னு தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர் எதிர்ல இருக்கிற தாளில எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவா, எங்கே வில்லைத் தூக்கணும்னு எல்லாம் இருக்கும். ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 'ஓபோ'ங்கிற குழல் ஒரு சுரம் பிடிக்கும். எல்லாரும் அதுக்குச் சுருதி சேர்ப்பாங்க. நம்ம தம்புரா வேலை. கண்டக்டர் கையைத் தூக்கினதும், அது வரைக்கும் அந்தத் தாளைப் பார்த்தே இராதவங்ககூட தப்பில்லாம வாசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. காரணம் அவங்க பயிற்சி.

பண்ணைப்புரத்துல 1943ல் பிறந்த ஒருத்தர், அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊரா மேடையில ஆர்மோனியம் வாசிச்சவர், மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட இந்த எழுத்து முறையைக் கத்துக்கிட்டார். லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார். 1986ல் 'ஹௌ டு நேம் இட்', அப்புறம் 'நத்திங் பட் விண்ட்'னு சினிமாவுக்கு வெளியே ஒத்திகை பார்த்தார். 1993ல் லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் குழுவோட ஒரு சிம்பொனி பதிவு பண்ணினார். அது இன்னும் வெளியே வரல. இந்தப் படிகள்ல ஏறித்தான் 2005க்கு வந்தார்.

கேட்டுப் பார்ப்போமா?

ஆல்பத்துல ஆறு பாட்டு. திருவாசகம் மொத்தம் 51 பகுதி. அதுலேர்ந்து ஆறு இடத்தைத் தொட்டிருக்கார். முதல்ல 'யாத்திரைப் பத்து'. 'காலம் வந்துடுச்சு, கிளம்புங்க போகலாம்'னு அடியார்களைக் கூப்பிடற பகுதி. ஒரு ஆல்பத்தைத் தொடங்க இதை விட நல்ல இடம் கிடைக்குமா? கடைசியில 'அச்சப்பத்து'. புத்துல இருக்கிற பாம்புக்கும் பயப்பட மாட்டேன், பொய்யைக்கூட மெய் மாதிரி பேசறவங்களுக்கும் பயப்பட மாட்டேன், ஆனா மனசுல அன்பு இல்லாதவங்களைக் கண்டாத்தான் நடுங்குதுன்னு ஒரு லிஸ்ட் போடுவார். ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு ஆள் எடுக்கிறப்ப அந்தப் பத்தைக் கொஞ்சம் படிச்சுப் பார்க்கலாம்.

நடுவுல 'திருக்கோத்தும்பி', 'பிடித்த பத்து', 'திருப்பொற்சுண்ணம்'. கோத்தும்பியில வண்டைத் தூது அனுப்பறார். பொற்சுண்ணம், பொண்ணுங்க கூடி வாசனைப் பொடி இடிக்கிறப்ப பாடற பாட்டு. உலக்கைப் பாட்டு! ஒரு அமைச்சரா இருந்தவர், பாண்டிய ராஜாவுக்குக் குதிரை வாங்கப் போன இடத்துல எல்லாத்தையும் உதறினவர், உலக்கை பிடிக்கிற பொண்ணுங்களோட பாட்டு முறையை எடுத்துப் பதிகம் எழுதியிருக்கார். பெரிய பெரிய ராகத்தை எல்லாம் விட்டுட்டு ஊர்ல பாடறதைத் தொட்டார். அதான் நிக்குது.

ஆனா ஆல்பத்தோட மலை உச்சி ரெண்டாவது பாட்டுதான். சிவபுராணம். மொத்தம் 95 அடி. அதுல ஒரு பாதியில தொடங்குது. ராஜா குரல் தனியா வரும். அழகுபடுத்தாத, கொஞ்சம் கரகரப்பான, நம்ம பெரியப்பா திண்ணையில உக்காந்து தன்னையே நொந்துக்கிற மாதிரியான குரல். அதுக்குப் பதில் சொல்ற மாதிரி ஆங்கிலத்துல கூட்டுக்குரல். அப்புறம் அந்தப் புகழ் பெற்ற இடம். புல், செடி, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல், மனுஷன், பேய்னு எல்லாப் பிறவியும் எடுத்து இளைச்சுப் போனேன்னு சொல்வாரே... ஒவ்வொரு பிறவிக்கும் ஒரு படி ஏறி, ஆர்க்கெஸ்ட்ரா மெல்ல மெல்லத் திரளும். ஸ்கூல்ல மனப்பாடச் செய்யுளா ஒப்பிச்சு, ரெண்டு மார்க் வாங்கி மறந்துட்ட வரி அது. இங்கே கேக்குறப்ப, 'அடப்பாவி, இவ்வளவு விஷயம் இதுக்குள்ள இருந்துச்சா'ன்னு தோணும். டார்வின் பேரை எல்லாம் இழுக்க வேண்டாம். ஒரு மனுஷனோட களைப்புதான் அதுல பெரிசு.

சும்மா எல்லாத்தையும் ஆகா ஓகோன்னு சொல்லவும் முடியாது. ஆங்கிலம் வர்ற இடங்கள் கொஞ்சம் நீளம்னு எனக்குத் தோணுது. ஷ்வார்ட்ஸ் நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா தமிழ் வரி ஒண்ணு நெஞ்சுல இறங்கிட்டு இருக்கிறப்ப, திடீர்னு பிராட்வே மேடைக்கு பஸ் மாறி ஏறின மாதிரி ஆயிடுது. சில இடத்துல வாத்தியம் பெருகி வார்த்தையை மூடிடுது. மாணிக்கவாசகர்கிட்ட வார்த்தை போனா என்ன மிச்சம்? "இது பக்தியா இல்ல, சினிமா மாதிரி இருக்கு"ன்னு அப்பவே சொன்னவங்க உண்டு. "சிம்பொனிக்காரங்க சிம்பொனின்னு ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொன்னவங்களும் உண்டு. அந்த ரெண்டாவது கூட்டத்துக்கு 2025 மார்ச் 8ல் பதில் போச்சு. 81 வயசுல லண்டன் மேடையில 'வேலியன்ட்'ங்கிற தன்னோட சிம்பொனியை ராஜா அரங்கேத்தினார்.

முதல் ரெக்கார்டிங் எங்கே?

ஒரு பழைய கதை இருக்கு. சிதம்பரத்துல மாணிக்கவாசகர்கிட்ட ஒரு வயசானவர் வந்து, "நீங்க பாடினதை எல்லாம் ஒரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்"னாராம். இவர் பாடப் பாட அவர் ஓலையில எழுதினார். காலையில பார்த்தா அந்த ஓலைச்சுவடி நடராஜர் சந்நிதிப் படியில இருக்கு. கீழே கையெழுத்து வேற. எழுதினது சிவனேதான்னு கதை முடியும். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா தமிழ்ல முதல் ரெக்கார்டிங் என்ஜினீயர் யாருன்னு கேட்டா நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அதே சிதம்பரத்துல, அதே சந்நிதிக்கு எதிர்ல இருக்கிற சிற்றம்பல மேடையில ஏறி தேவாரம், திருவாசகம் பாடறதுக்காக ஆறுமுகசாமிங்கிற முதிய சிவனடியார் வருஷக்கணக்கா போராடினார். 2000ல் பாடப் போனப்ப தடுக்கப்பட்டார். வழக்கு, மனு, போராட்டம்னு எட்டு வருஷம். 2008 பிப்ரவரி கடைசியில அரசாணை வந்தது. மார்ச் மாசம் போலீஸ் காவலோட மேடை ஏறிப் பாடினார். கணக்குப் போட்டுப் பாருங்க. 2005ல் அதே திருவாசகம் ஹங்கேரி வாத்தியத்தோட, ஆங்கிலக் கோரஸோட, பாதிரியார் தயாரிப்புல வீடு வீடா போயிடுச்சு. டீக்கடையில கேட்டுது, கார்ல கேட்டுது. அது எழுதப்பட்டதா சொல்ற இடத்துல ஒரு பெரியவர் வாயைத் திறந்து பாடறதுக்கு மட்டும் இன்னும் மூணு வருஷம் ஆச்சு. ரெக்கார்டுக்குப் படி ஏற அனுமதி வேண்டியதில்லை. மனுஷனுக்கு வேண்டியிருந்தது.

நம்ம மாவட்டத்துக்கு இதுல என்ன சம்பந்தம்னா, ரொம்பக் கொஞ்சம்தான். தேவார மூவர் பாடின தலம்னு சொல்லிக்க தர்மபுரி மாவட்டத்துல ஒண்ணுகூட இல்ல. மாணிக்கவாசகர் காலம்னு பெரும்பாலானவங்க சொல்ற ஒன்பதாம் நூற்றாண்டுல தகடூரை ஆண்டவங்க நுளம்பர்கள். தீர்த்தமலைக்கு அருணகிரிநாதர் வந்து பாடியிருக்கார், அது ஒரு பெருமை. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி கோவிலுக்குக் கோவில் ஓதுவார் பரம்பரைங்கிற கதை இங்கே கிடையாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா பதிலுரைப் பாடலா ஒரு சங்கீதம் கேக்கலாம். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, பத்துப் பதினைஞ்சு பொண்ணுங்க பசங்க. தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனதே 1997லதான். நமக்குன்னு இருக்கிற பெரிய கூட்டிசை எதுன்னா, நான் முன்னாடி சொன்ன அந்தப் பின்பாட்டுதான்.

ஹங்கேரிக்காரன் செஞ்ச வேலை!

மறுபடியும் புடாபெஸ்ட் போவோம். நம்ம திருவாசகத்தை வாசிச்சாங்களே, அந்த ஊர்லேயே 1923ல் ஒரு சம்பவம் நடந்தது. புடா, பெஸ்ட், ஓபுடான்னு மூணு ஊர் ஒண்ணா சேர்ந்து புடாபெஸ்ட் ஆகி ஐம்பது வருஷம். விழாவுக்கு ஒரு இசை வேணும்னு ஸோல்தான் கொடாய்ங்கிற இசையமைப்பாளர்கிட்ட கேட்டாங்க. அவர் எழுதினது 'சால்முஸ் ஹங்காரிக்கஸ்'. ஹங்கேரியச் சங்கீதம்! 55ம் சங்கீதத்தை ஒரு பதினாறாம் நூற்றாண்டு ஹங்கேரியப் புலவர் தன் மொழியில பாடி வெச்சிருந்தார். தனிக்குரல், கூட்டுக்குரல், ஆர்க்கெஸ்ட்ராவோட அதுக்கு மெட்டு.

55ம் சங்கீதம் எதைப் பத்தின்னா, எதிரி குத்தியிருந்தா தாங்கியிருப்பேன், கூடவே இருந்த ஃப்ரெண்டே குத்திட்டானேங்கிற அழுகை. ஊர் விழாவுக்கு வாழ்த்துப் பா எழுதச் சொன்னா மனுஷன் துரோகத்தைப் பத்தி எழுதியிருக்கார்! அப்பத்தான் ஹங்கேரி முதல் உலகப் போர்ல தோத்து, நாட்டுல பெரும் பகுதியை இழந்திருந்தது. கொடாய்க்கும் அரசியல் காரணமா வேலையில தொல்லை குடுத்திருந்தாங்க. கேட்ட ஜனங்களுக்கு அது யாரோட அழுகைன்னு புரிஞ்சது.

அந்தப் பாட்டுல இருக்கிற நாட்டுப்புற வாசனை அவருக்கு எங்கேயிருந்து வந்தது? அதுதான் சங்கதி. 1905 வாக்குலேர்ந்து கொடாயும், அவர் சிநேகிதர் பேலா பார்ட்டோக்கும் எடிசன் கண்டுபிடிச்ச போனோகிராஃப் பெட்டியைச் சுமந்துக்கிட்டுக் கிராமம் கிராமமாப் போனாங்க. மெழுகு உருளையில ஊசி கீறிப் பதிவாகிற மெஷின். ஒரு உருளையில ரெண்டு மூணு நிமிஷம்தான் பிடிக்கும். வயல்ல வேலை செய்யற பாட்டிங்க முன்னாடி அந்தக் குழாயை நீட்டி, "பாடுங்க ஆத்தா"ன்னு கேட்டாங்க. ஆயிரக்கணக்கான பாட்டு சேர்ந்தது. சேர்த்ததை அலமாரியில பூட்டி வெக்கல. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க முதல்ல தன் ஊர்ப் பாட்டைப் பாடிக் கத்துக்கணும்னு கொடாய் ஒரு முறையே உண்டாக்கினார். 'டோ ரே மி'யைக் கை ஜாடையோட சொல்லித் தருவாங்க. 'டோ' ஒரே இடத்துல நிக்காது, பாடறவங்க குரலுக்குத் தகுந்த மாதிரி நகரும். நம்ம 'ச' மாதிரியேதான்! அப்படித் தாளைப் பார்த்ததும் பாடற, வாசிக்கிற தலைமுறைகள் அந்த நாட்டுல வளர்ந்தது. 2005ல் ஒரு தமிழ்க்காரர் எழுதின நோட்ஸை அந்த ஊர்க்காரங்க தடுமாறாம வாசிச்சாங்கன்னா, அதுல ஏதோ ஒரு பங்கு அந்தக் கிராமத்துப் பாட்டிங்களுக்கும் இருக்கு.

இப்ப உங்க பாக்கெட்டுல இருக்கிற மொபைலை எடுத்துப் பாருங்க. ரெண்டு நிமிஷ மெழுகு உருளை இல்ல. ராத்திரி முழுக்கப் பதிவு பண்ணலாம். பின்பாட்டுக்காரங்க பாடறது எதுவும் நோட்ஸா எழுதப்படல. வாத்தியார்கிட்டயிருந்து சிஷ்யன் காதுக்குப் போனது. சிஷ்யன் பெங்களூர்ல கட்டட வேலைக்கோ, ஓசூர் கம்பெனிக்கோ பஸ் ஏறிட்டா அது வாத்தியாரோடயே நின்னுடும்.

காலேஜ்ல ப்ராஜெக்ட்டுக்கு என்ன பண்றதுன்னு தலையைச் சொறிஞ்சுட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. வெயில் காலத்துல பாரதக் கூத்து நடக்கிற ஊர் எதுன்னு விசாரிச்சு வெச்சுக்கோங்க. கோவில் தர்மகர்த்தாகிட்டயும் கூத்து வாத்தியார்கிட்டயும் முன்கூட்டியே போய், "ஐயா, பதிவு பண்ணிக்கலாமுங்களா?"ன்னு கேட்டு, வெத்தலை பாக்கோட முடிஞ்சதைக் குடுங்க. பார்ட்டோக் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடினவர் பேர், வயசு, ஊர், தேதி நாலையும் எழுதி வெச்சுக்குவார். நீங்களும் எழுதிக்கோங்க. போனை வேஷக்காரர் பக்கம் நீட்டாதீங்க, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. பெஞ்சுக்குப் பக்கத்துல, மிருதங்கத்துக்கு எதிர்ப்புறமா உக்காருங்க. அப்பத்தான் குரல் மூடாது. பத்து மணிக்கு மேலதான் கூத்து சூடு பிடிக்கும். சார்ஜ் ஃபுல்லா போட்டுட்டுப் போங்க, விடியற வரைக்கும் தாங்கணும்.